எதிர்மனுதாரர்

தபால் பிரிவில் எனக்குப் பதினோரு வருடம்.
கவரைத் தொட்டதுமே தெரிந்துவிடும்
உள்ளே இருப்பது தெருவிளக்கா, சாக்கடையா,
இல்லை ஓர் ஆள்மீது இன்னோர் ஆள் வைக்கும் புகாரா என்று.
ஆள்மீது வைத்தது இறுகியிருக்கும்.
ஒட்டியதற்கு மேல் ஒட்டியிருப்பார்கள்,
சோற்றுப் பருக்கை வைத்தாவது.

சோனங்குப்பம் அஞ்சலாட்சி மூன்று முறை எழுதினாள்.
குடிநீர் இணைப்புக்கு வைப்புத்தொகை கட்டியாயிற்று,
ரசீது நகல் இணைத்திருக்கிறாள், மீன் வாசனையோடு.
அதற்கு மேல் எட்டாயிரம் வேண்டுமாம்
கவுன்சிலர் வீட்டில். அதற்கு ரசீது கிடையாதாம்.
"கவுன்சிலர் அம்மா கேக்கல. அவங்க வீட்டுக்காரர்தான் கேட்டாரு.
அம்மா உள்ள பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தாங்க.
குழாய்ல தண்ணி உழுற சத்தம்
எனக்கு நல்லாக் கேட்டுது."

புகாருக்கு இங்கே ஒரு பாதை உண்டு.
என் மேசையில் எண் வாங்கும்,
கண்காணிப்பாளரிடம் ஒரு சுழிப்பு,
மாடியேறிப் பச்சை மையில் நனைந்து
'உரிய அறிக்கைக்காக' என்ற குறிப்போடு
யார்மீது புகாரோ அவர் வீட்டுக்கே போய்ச் சேரும்.
கெடிலத்துக்குக்கூட முகத்துவாரத்தில் மணல் மூடும்.
இந்தப் பாதையில் ஒருநாளும் அடைப்பு வந்ததில்லை.

பத்தாம் நாள் திரும்பி வரும்:
'மனுதாரர் கூற்றில் உண்மை இல்லை.
இப்படிக்கு, தில்லைக்கரசி.'
கோடிழுத்து, அடியில் இரண்டு புள்ளி குத்திய கையெழுத்து.
பதவியேற்புப் பதிவேட்டில் உள்ளது வேறு:
எழுத்துக் கூட்டியதுபோல், தனித்தனியாய், சற்றே இடப்பக்கம் சாய்ந்து.
எனக்குத் தெரியும்.
தெரிந்ததை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
கோப்பில் சேர்த்தேன். மூன்று முறையும் சேர்த்தேன்.

சுவரில் உறுப்பினர் நடத்தை விதிகள்,
நகராட்சியாக இருந்தபோது ஒட்டியது.
மாநகராட்சி ஆனதும்
யாரோ பேனாவால் ஒரு 'மா' சேர்த்தார்கள்.
விதிகளில் செய்த ஒரே திருத்தம் அதுதான்.

ஐப்பசி வெள்ளிக்கிழமை, மணி ஐந்தரை.
சேலை முந்தானை சொட்டச் சொட்ட ஒருத்தி.
மன்றக் கூட்டத்தில் மூன்றாம் வரிசை;
முதுகை மட்டுமே பார்த்திருக்கிறேன்,
வாசலில் நின்று கண்ணால் கை தூக்கச் சொல்லும்
அவள் புருஷனின் தோளுக்கு மேலாக.

"புகார் எங்க சார் குடுக்கணும்?"

பிள்ளையின் கணக்கு நோட்டில் கிழித்த தாள்.
அனுப்புநர்: தில்லைக்கரசி, மாமன்ற உறுப்பினர்.
எதிர்மனுதாரர்: மேற்படியார்.
பொருள்: என் கையெழுத்து.

'மூணு வருசமா என் பேருல இருக்கிற எதுவும் நான் போட்டதில்ல.
போட விட்டது நான்.
அஞ்சலாட்சி சொன்னது நெசம்.
அன்னிக்குக் குழாய மூடியிருந்தா
வெளிய என்ன பேசுறாங்கன்னு கேட்டிருக்கும்.
அதனாலதான் மூடல.'

முத்திரையை எடுத்த கை அப்படியே நின்றது.
பாதைப்படி இது போக வேண்டிய வீடு
எனக்கும் தெரியும், அவளுக்கும்.
"அங்க அனுப்பிடாதீங்க" என்றாள்.
கெஞ்சவில்லை. முகவரி சரிசெய்வதுபோல் சொன்னாள்.

பதிவேட்டை இறக்கினேன். தூசி.
பதினோரு வருடத்தில் முதல் தடவையாக
ஓரத்தில் என் வாக்கியம் ஒன்று எழுதினேன்:
'இக்கையொப்பம் பதவியேற்புக் கையொப்பத்தோடு ஒத்துள்ளது.
முந்தைய மூன்றும் ஒத்திருக்கவில்லை.'
கீழே என் பெயர்.
சுழிப்பல்ல, முழுப் பெயர்.
எழுதியபின் வயிறு கலங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ரசீது உண்டா?" என்று கேட்டாள்.
கிழித்துக் கொடுத்தேன்.
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

கோப்பு மாடிக்குப் போயிருக்கிறது. இன்னும் இறங்கவில்லை.
அஞ்சலாட்சி குடம் இன்னும் லாரிக்குத்தான் நிற்கிறது.

திங்கட்கிழமை காலை போன்.
கோடிழுத்துப் புள்ளி குத்தும் குரல்:
"எங்க வூட்டுத் தபால் ஏதாச்சும் வந்துச்சா?"

உங்கள் வீட்டுத் தபால் எதுவும் வரவில்லை என்றேன்.
அது பொய்யில்லை.